எலும்பு முறியலாம், நீங்கள் முறியாதீர்கள்!

காலில் கட்டு. கையில் ஸ்கேன் ரிப்போர்ட். 'இப்போதைக்கு ஓடக் கூடாது' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆசையாசையாகப் பெயர் கொடுத்த டிரையத்லான் நெருங்கிக்கொண்டிருக்கிறது. 'எல்லாம் போச்சு' என்று மனம் புலம்புகிறதா? நிமிர்ந்து உட்காருங்கள் நண்பரே! டிம் டான் என்ற மனிதரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அது முடிந்த கையோடு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அயர்ன்மேன் என்ற டிரையத்லான் பந்தயம் இதுதான். பிரிட்டன் வீரரான டிம் டான் 2017 மே மாதம் பிரேசிலில் இதை 7 மணி 40 நிமிடம் 23 விநாடியில் முடித்தார். அயர்ன்மேன் பெயரில் நடக்கும் பந்தயங்களில் அதுவரை யாரும் எட்டாத வேகம் அது! அதே ஆண்டு அக்டோபரில் ஹவாயின் கோனாவில் உலக சாம்பியன்ஷிப். பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த அவர்மீது ஒரு வண்டி மோதியது. கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சை செய்து எலும்புகளை இணைத்துவிடலாம். ஆனால் கழுத்து முன்போலத் திரும்பாது. அவர் கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தார். மண்டை ஓட்டில் நான்கு திருகாணிகள்; தலையைச் சுற்றி ஒரு வளையம்; அதை மார்புக் கவசத்தோடு பிணைக்கும் கம்பிகள். மூன்று மாதம் தலையை அசைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம்.

2018 ஏப்ரலில், கொட்டும் குளிர்மழையிலும் எதிர்காற்றிலும் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 49 நிமிடம் 42 விநாடியில் ஓடி முடித்தார் அவர். அக்டோபரில் மீண்டும் கோனா வந்து பந்தயத்தை நிறைவு செய்தார்!

பாஸ்டன் ஓட்டத்தைக் கண்டு வியக்கிறோம். அதைச் சாத்தியமாக்கியது அந்த நாற்காலி. அசையாதிருக்க வேண்டிய காலத்தில் அசையாதிருந்தாரே, அதுதான் வீரம்! பதறிய காரியம் சிதறும். முறிந்த எலும்பில் முதலில் மென்மையான திசு வளர்ந்து இரு முனைகளையும் பிடித்துக்கொள்கிறது. பிறகுதான் அது இறுகி எலும்பாகிறது. காலத்துக்கு முன் பாரம் ஏற்றினால் மீண்டும் முறியும். காலமறிந்து ஏற்றினால் அந்தப் பாரமே எலும்பை உறுதியாக்கும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். மூச்சின் திறன் சீக்கிரம் திரும்பிவிடும். தசைநாணும் எலும்பும் தயாராக நாளாகும். மூச்சு வாங்கவில்லையே என்று வேகம் கூட்டுபவர்தான் மறுபடியும் அடிபடுகிறார். எனவே மூச்சு சொல்வதை மட்டும் கேட்காதீர்கள், கால் சொல்வதையும் கேளுங்கள்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? கூடவே கூடாது! டிரையத்லான் வீரருக்கு மூன்று கதவுகள் உண்டு. ஒன்று மூடினால் மற்றொன்றைத் தட்டுங்கள். டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சரி என்றால், கால்களுக்கிடையே மிதவையை வைத்துக் கைகளால் நீந்துங்கள். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, கால் தரை தொடாத ஆழத்தில் ஓடுங்கள். தோளில் அடியென்றால் நிலைச் சைக்கிளை மிதியுங்கள். கட்டு பிரித்தபின் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலின் குதிகாலை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்குங்கள். கெண்டைக்கால் நடுங்கும், நெற்றி வியர்க்கும். பார்ப்பவருக்கு அது அற்பம். உங்களுக்கு அது அன்றைய அயர்ன்மேன்!

அடுத்தவர் வேகத்தோடு உங்களை ஒப்பிடாதீர்கள். முழு அயர்ன்மேனுக்கு வழக்கமாகத் தரப்படும் அவகாசம் 17 மணி நேரம். முதலாவதாக வந்தவரும் நள்ளிரவில் வந்து சேர்ந்தவரும் கடப்பது ஒரே கோட்டைத்தான். இந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த ஆண்டு. பந்தயம் ஓடிப்போகாது. உடம்பை உடைத்துக்கொண்டு அவசரமாகப் போவதைவிட, உறுதியாக்கிக்கொண்டு தாமதமாகப் போவதே மேல்.

இன்று ஓய்வு என்றால் மனதார ஓய்வெடுங்கள். பத்து முறை குதிகால் தூக்கச் சொன்னால் பத்தையும் ஒழுங்காகத் தூக்குங்கள். பதினொன்றாவது வேண்டாம், ஒன்பதோடு நிறுத்தவும் வேண்டாம். இந்த ஒழுங்கு கைவந்தவரை எந்தக் கடலும் எந்தச் சாலையும் தடுக்க முடியாது. தொடங்குங்கள்!