இருபத்து மூன்றாவது கிளை

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் நடுமரம் 1989-இல் புயலில் சாய்ந்தது. மரம் சாகவில்லை. விழுதுகள் அதற்குள் அடிமரங்களாகியிருந்தன, அவை தாங்கிக்கொண்டன. நெஞ்சுக்குள் தலைகீழாகக் கிளைத்திருக்கும் மரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதற்கு அடிமரம் ஒன்றுதான், கட்டைவிரல் பருமனில் ஒரு மூச்சுக்குழாய். உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணறைகளுக்கும் வாசல் அது மட்டுமே.

*

குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக. சுவிஸ் உடற்கூறியலாளர் எவால்ட் வைபல் 1963-இல் வெளியிட்ட கணக்கில் இப்படி 23 தலைமுறை. முதல் 16 வரை காற்றுக்கு வெறும் பயணம். ரத்தத்தோடு கொடுக்கல் வாங்கல் அதற்கப்பால்தான்.

கிளைகள் ஒவ்வொன்றும் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஆனால் எண்ணிக்கை பெருகுவதால், எல்லாவற்றையும் சேர்த்தால் பாதை அகன்றுகொண்டே போகிறது. தொடக்கத்தில் குறுக்குப் பரப்பு இரண்டரைச் சதுர சென்டிமீட்டர், அடியில் ஆயிரக்கணக்கில். அகல அகலக் காற்று வேகம் இழக்கிறது. கடைசிச் சில மில்லிமீட்டரில் அது வீசுவதே இல்லை. ஆக்சிஜன் தானாகப் பரவிப்போய்ச் சேர்கிறது. நான் இழுக்கும் மூச்சின் கடைசி அடியை நான் எடுத்துவைப்பதில்லை என்பதை அறிந்த நாளிலிருந்து, கண்மூடி உட்காரும்போது மனம் அங்கேதான் போய் நிற்கிறது.

*

சாதாரண மூச்சு ஒன்றுக்கு அரை லிட்டர். அதில் 150 மில்லி குழாய்களிலேயே தங்கி, பயன்படாமல் திரும்புகிறது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் இழுப்பது 6 லிட்டர், ஆழத்தை அடைவது 4.2.

பதற்றத்தில் மேலோட்டமாகக் கால் லிட்டர் கால் லிட்டராக 24 முறை இழுத்தாலும் அதே 6 லிட்டர்தான். அடைவதோ 2.4. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நிற்கும்போது, எவ்வளவு இழுத்தும் போதவில்லை என்று தோன்றுவதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு. ஒரு லிட்டராக ஆறே முறை இழுத்தால் 5.1 போய்ச் சேரும். மந்தைவெளியில் இருக்கும், 1976-இல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தின் வழியில், ஆசனத்தின் ஒவ்வொரு அசைவும் நீண்ட மூச்சோடு பிணைந்தது. அந்த நிதானத்தின் மதிப்பு எனக்கு இந்த எண்களால் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

*

கிளை பிரியும் கவைகள் காவலும் காக்கின்றன. பெரிய தூசு திருப்பத்தில் வளையமுடியாமல் சுவரில் மோதிச் சளியில் ஒட்டுகிறது. நுண்மயிர்கள் அதை மேலே தள்ளுகின்றன, கோழையாக வெளியேறுகிறது. இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய துகள்களில் பெரும்பகுதி காற்றோடு சேர்ந்து வளைந்து அடிவரை போய்விடும். அங்கே நுண்மயிர் கிடையாது. போகி விடியலில் டயர் எரிப்பவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. அதே காற்றைத்தான் மயிலாப்பூரின் தொட்டில் குழந்தைகளும் இழுத்தன.

*

2004-இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்த ஆய்வாளர்கள் சிலர், வைபலும் அவர்களில் ஒருவர், ஒன்றைக் கணக்கிட்டார்கள். மிகச் சிக்கனமான அமைப்பென்றால் ஒவ்வொரு கிளையும் தன் தாய்க்கிளையின் விட்டத்தில் 0.79 பங்கு இருக்கவேண்டும். மனித நுரையீரலில் அதைவிடச் சற்று அகலம். ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பதால், சிக்கனத்தின் விளிம்பில் கட்டியிருந்தால் சிறு சுருக்கமே மூச்சை முட்டவைக்கும். கொஞ்சம் விட்டுக்கட்டியிருக்கிறது உடல். வீசிங் வந்த இரவைக் குழந்தைகள் தாண்டுவதில் அந்த மிச்ச இடத்துக்கும் பங்கிருக்கிறது.

மருந்தும் அதே கவைகளைக் கடந்துதான் போகவேண்டும். ஸ்ப்ரே வகை இன்ஹேலரை மெதுவாக இழுக்கச் சொல்வது அதனால்தான்: வேகமாக இழுத்தால் துளிகள் தொண்டையிலும் முதல் திருப்பங்களிலும் மோதி நின்றுவிடும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்கச் சொல்வது, தப்பிப் போனவை சிறு கிளைகளில் படிவதற்காக.