முடிவின் மேல் பாத்யதை

ஒரு கதையின் முடிவு பிடிக்கவில்லை என்பது ரசனையைப் பற்றிய பேச்சு. அந்த முடிவு தனக்கு அநியாயம் செய்துவிட்டது என்பது வேறு பேச்சு. அது ஒரு தார்மீகக் குற்றச்சாட்டு. வருஷக்கணக்கில் ஒரு தொடரைப் பின்தொடர்ந்தவன் கடைசியில் சொல்வது பெரும்பாலும் இரண்டாவதுதான். சிறுபத்திரிகை வட்டாரத்தில் நாம் இதை ஜனரஞ்சக வாசகனின் கூச்சல் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். வணிக எழுத்து தானே வளர்த்த பசி, அதுவே தீனி போடட்டும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கூச்சலுக்குள் நாமும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முடிவின் மேல் யாருக்குப் பாத்யதை?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1978இல் தொடங்கிச் சீக்கிரமே நின்றுபோன 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற விஞ்ஞானக் கதைத் தொடரை 2003இல் புதிதாக உயிர்ப்பித்தார்கள். தாம் படைத்த இயந்திரங்களாலேயே அழிக்கப்பட்ட மனிதர்களில் மிஞ்சியவர்கள் ஒரு பூமியைத் தேடி அலைவது புதிய தொடரின் கதை. 2009 மார்ச்சில் அது முடிந்தபோது, அவர்கள் தங்கள் கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, ஏறக்குறைய வெறுங்கையோடு புல்வெளியில் குடியேறினார்கள். முன்பே செத்துத் திரும்பி வந்திருந்த ஒரு பெண், பேச்சின் நடுவிலேயே இல்லாமல் போனாள். அவள் யார் என்று தொடர் சொல்லவில்லை. ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப் போனார்கள். விஞ்ஞானத்தில் தொடங்கியதைத் தெய்வ சித்தத்தில் முடித்தது மோசடி என்பது அவர்கள் வாதம். இதில் நியாயம் உண்டு. புதிர் போடுகிறவன், விடை தன்னிடம் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறான். விடையில்லாமல் போட்ட புதிர், கணக்கில் பணமில்லாமல் எழுதிக் கொடுத்த செக்.

ஆனால் அந்தக் கோபம் முழுவதும் இந்த நியாயத்தால் ஆனதல்ல. தான் குடியிருந்த ஓர் உலகத்தின் கதவு சாத்தப்படுகிறது. அந்தத் துக்கத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். ஆசிரியன் அகப்படுகிறான். எந்த முடிவை எழுதியிருந்தாலும் அவன் அகப்பட்டிருப்பான்.

நம்மிடம் இதற்கு நிகரான வழக்கு 'பொன்னியின் செல்வன்'. விஞ்ஞானக் கதைக்கும் சோழர் கதைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இரண்டும் வாசகன் குடியேற ஓர் உலகத்தைக் கட்டித் தருகின்றன. ஒன்று வராத காலத்தில், மற்றது போய்விட்ட காலத்தில். எங்கள் பக்கத்து வாசகனுக்கு இந்தக் குடியேற்றம் இன்னும் சுலபம். பழையாறையும் குடந்தையும் அவனுக்குப் பஸ் போகிற ஊர்கள். நன்னிலத்தில் என் வங்கிக் கவுண்டருக்கு வருகிறவர்களில், குந்தவையைத் தன் பெரியம்மாள் மாதிரி உரிமையோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்கி இந்த நாவலைத் தம் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். முடிந்ததும் வாசகர்கள் குறைப்பட்டார்கள். திடீரென்று நிறுத்திவிட்டதாக எழுதினார்கள்; வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் நடந்ததா, மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் கதையை நீட்டவில்லை. 1954 டிசம்பரில் அவர் காலமானார். பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையைத் தொடர்ந்தார். கல்கி பத்திரிகையே மூலத்தைத் தலைமுறைக்கொரு தரமாவது மறுபடி தொடராக வெளியிட்டது. கதவு சாத்தியாகிவிட்டது என்பதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மணிரத்னத்தின் திரைப்படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாக வந்தபோது வழக்கு புதுப்பிக்கப்பட்டது. இந்தத் தடவை பிரதிவாதி சினிமா. வாசகர்கள் கல்கியின் பக்கம் நின்று வாதாடினார்கள். முடிவை மாற்றிவிட்டார்கள் என்பது முக்கியமான புகார். நாவலில் அதுவரை மதுராந்தகனாக இருந்தவன் உண்மையான மதுராந்தகன் அல்ல. பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் கண்டராதித்தரின் மகன். அவன் தலையில்தான் அருள்மொழி மகுடத்தை வைக்கிறான். படத்தில் இந்த ஆள்மாறாட்டம் இல்லை. சதி செய்த மதுராந்தகனுக்கே மகுடம் போகிறது.

இந்த மாற்றத்தைத் துரோகம் என்று நான் நினைக்கவில்லை. நாவலின் ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'தியாகச் சிகரம்'. ஆனால் அவரே அந்தச் சிகரத்துக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்துவிடுகிறார். பேராசைக்காரனை விலக்கிவிட்டு, அவன் இடத்தில் ஒரு சாதுவை, அதுவும் பூங்குழலியின் கணவனை நிறுத்திவிட்டால், மகுடத்தைக் கொடுப்பதில் வலி குறைந்துவிடுகிறது. பெறுகிறவன் தகுதியானவன் என்று நிரூபித்துவிட்டுக் கொடுப்பது பட்டுவாடா. தகுதியைக் கேட்காமல் கொடுப்பதுதான் தியாகம். சரித்திரத்தின் பக்கமும் இதுதான். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலத்தைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு, உத்தம சோழன் ஆட்சி முடிந்து ராஜராஜன் பட்டமேறிய பிறகே வெட்டப்பட்டது. இதையெல்லாம் வைத்து நீலகண்ட சாஸ்திரியார் உத்தமன் மேல் சந்தேகப்பட்டார், மறுத்தவர்களும் உண்டு. குடிகள் வேண்டியும், சிற்றப்பன் ஆசைப்படும் வரை அருள்மொழி அரசை விரும்பவில்லை என்கின்றன ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள். மகன் காலத்து அவைக்கவி தகப்பனைப் பாடியது என்று கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் நிற்பது, உத்தமன் 985 வரை சுமார் 15 வருஷம் ஆண்டான் என்ற செய்தி. எங்கள் தாலுகாவில் முடிகொண்டான் என்று ஓர் ஊர் இருக்கிறது. முடிகொண்ட சோழன் என்பது ராஜேந்திரனின் பெயர்களில் ஒன்று. முடியை விட்டவன் என்று ஊருக்குப் பெயர் வைப்பது ராஜாக்களின் வழக்கமல்ல.

அருள்மொழிக்கு முன்னால் நின்று, நீதான் ராஜாவாக வேண்டும் என்று முழங்கிய ஜனங்களைப் போன்றவர்தான் வாசகரும். ஜனங்களின் ஆசை அன்பிலிருந்து வந்தது, அது பொய்யல்ல. ஆனாலும் அது அவனைக் கட்டுப்படுத்தவில்லை. அன்பு பாத்யதை ஆகிவிடாது. அப்படியானால் முடிவு ஆசிரியனின் சொந்தச் சொத்து என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அதுவும் சரியில்லை. நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

கதை பட்டாபிஷேகத்தோடு முடிவதில்லை. மணிமேகலையின் சாவோடு முடிகிறது. கடம்பூர் சம்புவரையரின் மகள். வந்தியத்தேவனை விரும்பினாள், அவன் விரும்பியது வேறொருத்தியை. அவனைக் காப்பாற்ற, கரிகாலனைக் கொன்ற பழியைத் தன் மேல் ஏற்றுக்கொள்ளவும் துணிந்தாள். கடைசியில் சித்தம் கலங்கி, அவன் மடியில் உயிரை விடுகிறாள். குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. வாசகர்கள் பதறிக்கொண்டு கேட்ட கல்யாணத்துக்குக் கல்லே சாட்சி. மணிமேகலை கற்பனைப் பெண். அவளுக்குச் சாட்சி அந்தக் கடைசிப் பக்கம் மட்டும்தான்.

வங்கியில் நாள் முடிவில் நேராகாத தொகையை 'சஸ்பென்ஸ்' கணக்கில் போடுவோம். அது ஒளித்து வைப்பதல்ல. இது யாருக்குச் சேர வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் நம்முடையதல்ல என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது. கல்கியின் நடை, தற்செயல்கள், வாசகனை இழுத்துப் பிடிக்கும் உத்திகள் இவற்றைப் பற்றி நாம் சொல்லி வந்த குறைகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வென்றவர்களுக்கெல்லாம் பங்கு கொடுத்து முடித்தபின், எதுவுமே கிடைக்காத ஒருத்தியை அவர் கணக்கிலிருந்து அடித்துவிடவில்லை. கடைசி வரியில் அவளைப் பற்று வைத்துவிட்டுப் போனார். முடிவு திடீரென்று வந்துவிட்டதாக வாசகர்களுக்குப் பட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். மிச்சமிருக்கும் பாக்கியோடு ஒருவன் பேரேட்டை மூடினால், பார்ப்பவனுக்கு அது பாதியில் மூடியதாகத்தான் தெரியும்.

திரைப்படம் மகுடத்தின் கணக்கைக் கல்கியைவிடக் கறாராக முடித்தது. ஆனால் அதில் மணிமேகலையே இல்லை. இரண்டு பாகங்களுக்குள் அடக்க வேண்டிய நிர்ப்பந்தம் புரிகிறது. இருந்தாலும், யாரை விட்டால் கதை குறையாது என்று தீர்மானிக்கும்போது முதலில் கைக்கு அகப்படுகிறவள், கதைக்குள்ளும் யாருக்கும் தேவைப்படாமல் போனவளாகவே இருக்கிறாள்.

படம் வந்த நாட்களில் மதுராந்தகனைப் பற்றியும் நந்தினியைப் பற்றியும் ஓயாமல் விவாதம் நடந்தது. நடுவில் சிலர், மணிமேகலை எங்கே என்றும் கேட்டார்கள். மற்றக் கேள்விகள் எல்லாம் எனக்குச் சேர வேண்டியது எங்கே என்ற கேள்வியின் வேஷங்கள். இது ஒன்றுதான் இன்னொருத்தியின் பாக்கியைக் கேட்டது. முடிவின் மேல் வாசகனுக்குப் பாத்யதை உண்டென்றால், அது இப்படிக் கேட்கிற பாத்யதைதான்.