கொடுக்கும் கையா, ஏந்தும் கையா?

பிள்ளைகளின் விளையாட்டும் தின்பண்டமும் மார்க்கப் பத்திரிகையில் எழுதத் தக்க விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். பெரியவர்களுக்குத் தொழுகையைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் எவ்வளவோ எழுதுகிறோம். ஆனால் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் மார்க்கம் முதன்முதலாக நுழைவது பெருநாள் புத்தாடையின் வழியாகவும், அடுப்படியிலிருந்து வரும் பலகார மணத்தின் வழியாகவும் அல்லவா? அந்த வாசலைக் காக்காமல் விட்டுவிட்டுப் பிறகு பிள்ளை வழிமாறிப் போகிறதே என்று புலம்புவதில் பயன் இல்லை.

அக்டோபர் 31ஆம் நாள் இரவை மேல்நாட்டார் ஹாலோவீன் என்று கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் பேய் போலவும், எலும்புக்கூடு போலவும், சூனியக்காரி போலவும் வேடம் புனைந்து வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்பார்கள். வீடுகளில் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். மண்டையோடு போன்ற பிஸ்கட்டும், சிலந்தி போன்ற கேக்கும் செய்வார்கள். அண்மைக் காலமாகச் சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் உள்ள சில மழலையர் பள்ளிகளிலும் இது நுழைந்துவிட்டது. கோட்டாறு, இளங்கடை, இடலாக்குடிப் பகுதிகளில் வெளிநாட்டில் பிழைக்கும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உடைய குடும்பங்கள் எத்தனையோ உண்டு. செல்போனில் பேத்தி சூனியக்காரித் தொப்பியுடன் சிரிக்கிறாள். இங்கே இருக்கும் பிள்ளை, "உம்மா, எனக்கும் அது வேணும்" என்கிறது. உம்மா என்ன சொல்வாள்?

இரண்டு பதில்கள் எளிதானவை. "பிள்ளைகள்தானே, விளையாடிவிட்டுப் போகட்டும்" என்பது ஒன்று. "ஹராம், வாயை மூடு" என்பது மற்றொன்று. இரண்டுமே சிந்திக்காமல் சொல்லப்படும் பதில்கள். முன்னது பிள்ளைக்குச் சரி தவறு எதையும் கற்பிக்கவில்லை. பின்னது, மார்க்கம் என்றால் மகிழ்ச்சியின் கதவை அடைப்பது என்ற எண்ணத்தைக் கற்பித்துவிடுகிறது. ஆகவே, பொறுமையாக ஆராய்வோம்.

இது எங்கிருந்து வந்தது?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளில் வாழ்ந்த பண்டைய கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் ஒரு விழா எடுத்தார்கள். பின்னர் கிறித்தவம் பரவியபோது, நவம்பர் 1ஆம் நாள் புனிதர் அனைவரின் திருநாளாகவும், நவம்பர் 2ஆம் நாள் இறந்த ஆன்மாக்களின் நினைவு நாளாகவும் அமைந்தன. அந்தப் புனிதர் திருநாளின் முந்திய இரவே ஹாலோவீன். இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் செல்வார்கள். வீட்டார் ஒரு சிறு அப்பம் தருவார்கள். அதற்கு ஈடாக அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக அவர்கள் பிரார்த்திப்பார்கள். அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஐரிஷ் மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா சென்றபோது, அங்கே தாராளமாகக் கிடைத்த பூசணிக்காய் கிழங்கின் இடத்தைப் பிடித்தது. "பண்டம் தருகிறாயா, இல்லை குறும்பு செய்யட்டுமா?" என்று கேட்டு வாசலில் நிற்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் அமெரிக்காவில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் நீங்கிய பின் மிட்டாய் கம்பெனிகளுக்கு அது பெரிய வியாபாரமாகிவிட்டது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஏழைக்கு அப்பமும் இறந்தவருக்குப் பிரார்த்தனையும் இருந்தன. காலப்போக்கில் ஏழையும் போனான், பிரார்த்தனையும் போயிற்று. எஞ்சியது முகமூடியும் மிட்டாயும்தான். இதை அந்நாட்டு மனச்சாட்சியே உணர்ந்தது போலும். 1950ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் சில சிறுவர்கள் மிட்டாய்க்குப் பதிலாக உலக ஏழைக் குழந்தைகளுக்கென யுனிசெஃப் நிறுவனத்துக்குக் காசு சேர்க்கத் தொடங்கினார்கள். அது பிறகு நாடெங்கும் பரவியது. வெறுமையை ஈகையால் நிரப்ப அவர்களும் முயன்றிருக்கிறார்கள் என்பதை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளை எதைக் கேட்கிறது?

பேய் வேடம் வேண்டும் என்று அழும் பிள்ளை பேயையா கேட்கிறது? இல்லை. அது கேட்பது நான்கு பொருள்கள்: தன் கையால் ஒன்றைச் செய்ய வேண்டும், வழக்கமான நாளிலிருந்து வேறுபட்ட ஒரு நாள் வேண்டும், கூட்டாளிகளோடு நாலு வீட்டுப் படி ஏற வேண்டும், இனிப்புத் தின்ன வேண்டும். இந்நான்கில் எதையும் மார்க்கம் வெறுக்கவில்லை.

அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் சிறு வயதில் வைத்திருந்த பொம்மைகளில் சிறகுள்ள குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததாக நாயகி அவர்கள் விடை சொல்ல, பெருமானார் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை அன்னைக்குக் காட்டினார்கள். இதைவிட இனிய செய்தி ஒன்று புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இருக்கிறது. ஆஷூரா நோன்பு நாளில் மதீனாவின் தாய்மார்கள் தங்கள் சிறுவர்களையும் நோன்பு வைக்கச் செய்தார்கள். பசியால் பிள்ளை அழுதால், கம்பளி நூலால் தாங்களே செய்து வைத்திருந்த விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் வரை தேற்றினார்கள். ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கிறார்கள். வணக்கத்தையும் கைவேலையையும் விளையாட்டையும் ஒரே மடியில் வைத்து வளர்த்த தாய்மார்கள் அவர்கள்!

எது ஆகாது?

அப்படியானால் தடை எங்கே வருகிறது? மூன்று இடங்களில்.

முதலாவது, அச்சமூட்டுதல். ஒரு பயணத்தில் தோழர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்த கயிற்றை மற்றவர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று பெருமானார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. ஒரு கயிற்றுக்கே இவ்வளவு என்றால், பிறரை நடுங்க வைப்பதையே இன்பமாக ஒரு பிள்ளைக்குப் பழக்கலாமா?

இரண்டாவது, இறந்தவர்களின் கண்ணியம். ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடைய ஜனாஸா என்று சொல்லப்பட்டது. அதுவும் ஓர் ஆன்மாதானே என்று கேட்டார்கள். கபுறுஸ்தானைக் கடக்கையில் அங்கே இருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஸலாம் சொல்லி துஆச் செய்ய வேண்டிய மக்களைப் பேயாகவும் எலும்புக்கூடாகவும் பிள்ளையின் கண்ணுக்குக் காட்டினால், நாளை அது தன் வாப்பாவின் கபுறடியில் நிற்கவும் பயப்படாதா?

இங்கே நம் ஊரை எண்ணிப் பார்க்க வேண்டும். கோட்டாற்றில் நம் கிறித்தவச் சகோதரர்கள் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, இறந்த தாய் தந்தையரை நினைத்துக் கண் கலங்குகிறார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு நம் வீட்டுப் பிள்ளை பிணம் போல் வேடமிட்டுத் தெருவில் கூத்தடித்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? இது அவர்கள் பண்டிகைதானே என்று நினைத்து நாம் செய்வது, உண்மையில் அவர்களுடைய துக்கத்தைக் கேலி செய்வதாகவே முடியும்.

மூன்றாவது, ஏந்தும் கை. கொடுக்கும் மேல்கை வாங்கும் கீழ்கையைவிடச் சிறந்தது என்பது நபிமொழி. வீடு வீடாகச் சென்று, தராவிட்டால் குறும்பு செய்வேன் என்று மிரட்டி வாங்குவதை விளையாட்டாகப் பழகும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது? கேட்டால் கிடைக்கும், மிரட்டினால் நிச்சயம் கிடைக்கும் என்பதைத்தான்.

நம் வீட்டையும் பார்ப்போம்

அயலாரின் வழக்கத்தைச் சொன்னோம். நியாயம் என்றால் நம் வழக்கத்தையும் அதே தராசில் நிறுக்க வேண்டும். ஷஃபான் பிறை 15ஆம் இரவில் தமிழகத்து முஸ்லிம் வீடுகள் பலவற்றில் யாஸீன் ஓதி, ரொட்டியும் வாழைப்பழமும் பங்கிடும் வழக்கம் உண்டு. அதன் மார்க்க நிலை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்தத் தர்க்கம் இங்கே வேண்டாம். செய்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கலாம். அந்த ரொட்டி எங்கே போகிறது? வசதியுள்ள வீட்டிலிருந்து வசதியுள்ள வீட்டுக்குப் போய், அங்கிருந்து அதே அளவில் திரும்பி வருகிறதா? வாசலில் வந்து நிற்கும் ஏழைக்கு ஒடிந்த துண்டு மட்டும் விழுகிறதா? அப்படியானால், ஏழையைத் தொலைத்துவிட்டுப் பண்டத்தை மட்டும் வைத்துக்கொண்ட மேல்நாட்டாருக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

பெருநாளிலும் இதே கேள்வி எழும். ஈதுல் ஃபித்ரில் ஃபித்ராவைத் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று விதித்திருப்பது ஏன்? ஏழை வீட்டுப் பிள்ளையும் அன்றைக்கு உண்டு மகிழ வேண்டும் என்பதற்காகவே. நம் பிள்ளைக்கு அந்த ஃபித்ரா அரிசியைக் கண்ணால் காட்டியிருக்கிறோமா? அதன் கையாலேயே கொடுக்கச் செய்திருக்கிறோமா?

அண்டை வீடு

அயலாரின் சமயச் சடங்கில் கலப்பது வேறு. அயலாரோடு அன்பாக வாழ்வது வேறு. அவரவர் மார்க்கம் அவரவர்க்கு என்று திருமறை கூறுகிறது. நம்மோடு போரிடாதவர்க்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்றும் அதே திருமறை கூறுகிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

கோட்டாறு இதற்குப் பழகிய ஊர். நவம்பர் 24 தொடங்கி டிசம்பர் 3 வரை சவேரியார் பேராலயத் திருவிழா நடக்கும்போது ஊரே கலகலப்பாக இருக்கும். இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) வாழ்ந்ததும் இம்மண்ணில்தான். 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் கவனித்துச் சதாவதானம் செய்த அப்பெரியார், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா அல்லவா என்ற சைவர்களின் வழக்கில் அருட்பாவே என்று நிலைநாட்டி மேடையேறிப் பேசினார். அதனால் அவருடைய ஈமான் குறைந்ததா? பெருமானாரின் புகழ்பாடும் நூல்களை எழுதியதும் அதே கைதான். தன் வீட்டில் உறுதியாக நிற்கிறவனே அண்டை வீட்டை அச்சமின்றி மதிக்க முடியும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வேண்டாம் என்று சொன்னால் போதாது. கையில் வேறொன்று கொடுக்க வேண்டும். சிறுவன் ஒருவனை அவன் தாய், "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன தரப்போகிறீர் என்று நாயகம் (ஸல்) கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். ஒன்றும் தராதிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். ஆகவே பிள்ளைக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

நாஞ்சில் நாட்டில் முந்திரிக்கொத்து தெரியாத வீடு உண்டா? சிறுபயற்றை மணம் வர வறுத்துத் திரித்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவலையும் எள்ளையும் தனித்தனியே வறுத்து, ஏலக்காய் சேருங்கள். கருப்பட்டிப் பாகு காய்ச்சி வடிகட்டி ஊற்றிப் பிசையுங்கள். இனிமேல் பிள்ளைகளின் வேலை. சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து வைக்கட்டும். உருண்டை கோணலாக இருந்தாலும் திருத்தாதீர்கள். அரிசி மாவுக் கரைசலில் மும்மூன்றாகத் தோய்த்து எண்ணெயில் பொரித்து எடுப்பது பெரியவர்களின் வேலை. ஆறவிட்டு மூடி வைத்தால் பல நாள் கெடாது.

பண்டம் வைக்கக் கொட்டான் வேண்டும். நம் மாவட்டத்தில் பனையோலைக்குப் பஞ்சமில்லை. சிறு கொட்டான் முடையப் பாட்டிமார் கற்றுக்கொடுக்கட்டும். பேய்முகப் பூசணி வேண்டாம்; தேங்காய்ச் சிரட்டையைக் கழுவித் தேய்த்து, வண்ணம் பூசி, பிறையும் பூவும் வரையட்டும். செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இதை அக்டோபர் 31க்குப் போட்டியாகச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் நாமும் அந்த நாளுக்கே கட்டுப்பட்டவர்கள் ஆவோம். இரண்டு பெருநாட்களிலும் செய்யுங்கள். பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை செய்யுங்கள். தெருவில் ஒருவர் நோயுற்றால் அன்று செய்யுங்கள். ஒரு நிபந்தனை மட்டும்: செய்த பிள்ளையே எடுத்துச் செல்ல வேண்டும். முதலில் தனித்திருக்கும் முதியவர் வீடு, அடுத்து கணவனை இழந்தவர் வீடு, பிறகு அந்தோணி வீடானாலும் ஆறுமுகம் வீடானாலும் அடுத்த வீடு. கதவைத் தட்டி, கொட்டானைக் கொடுத்து, திருப்பி ஏதும் எதிர்பாராமல் வரவேண்டும். அந்தப் பிள்ளைக்கும் வீடு வீடாகப் போன மகிழ்ச்சி கிடைக்கும். அங்கே நீட்டியது கேட்கும் கை. இங்கே நீட்டியது கொடுக்கும் கை. வேற்றுமை அவ்வளவுதான். ஆனால் அதுதான் ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கிறது.

தாய்மார்களே! பிள்ளையின் உள்ளங்கை சிறியது. அதைக் கவிழ்த்துக் கொடுக்கப் பழக்குவதும், மலர்த்திக் கேட்கப் பழக்குவதும் உங்கள் அடுப்படியில்தான் தொடங்குகிறது. நம் பிள்ளைகளை அச்சமூட்டாதவர்களாகவும், அண்டை வீட்டாருக்கு நிம்மதி தருகிறவர்களாகவும், கொடுத்து மகிழ்கிறவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.