கைவிட்ட பொருளும் வினைக் கணக்கும்



இல்லறத்தார்க்கு உரிய பன்னிரு விரதங்களுள் ஐந்து அணுவிரதங்களை நம் குழந்தைகளும் மூச்சு விடாமல் ஒப்பிக்கின்றனர். அவற்றை அடுத்து நிற்கும் குணவிரதங்கள் மூன்றையும் கேட்டால் பெரியவர்களே சற்றுத் தயங்குகிறோம். திக்கு விரதம், அனர்த்த தண்ட விரதம், போகோபபோக பரிமாண விரதம் என அவற்றைச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்தருளினார். அவ்வழி நின்று தமிழில் எடுத்துரைப்பது அருங்கலச்செப்பு. அம்மூன்றனுள் இறுதி இரண்டையும் இன்றைய கடைவீதியில் நிறுத்திப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

ஒருமுறை துய்த்த அளவில் கழிந்துபோவது போகம். உணவும், மலரும், பூசும் சந்தனமும் அதில் அடங்கும். மீண்டும் மீண்டும் துய்க்கத்தக்கது உபபோகம். உடையும், பாத்திரமும், படுக்கையும் அதன்பாற்படும். இவ்விரண்டிற்கும் அளவு வகுத்துக்கொண்டு வாழ்வதே விரதம். இனி ஒரு வினா. கடையிலிருந்து காய்கறி சுமந்துவரும் பை இவற்றுள் எதனைச் சேர்ந்தது?

நம் பாட்டனார் காலத்தில் இவ்வினாவிற்கு இடமே இல்லை. ஒரு துணிப்பை கிழியும்வரை உழைத்தது, கிழிந்தபின் கரித்துணியாயிற்று. 1965இல் ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று காப்புரிமை பெற்ற மெல்லிய பிளாஸ்டிக் பை உலகெங்கும் பரவிய பின்னரே, உபபோகமாய் இருந்த பை போகமாக மாறிற்று. இதில் ஒரு விபரீதம் காண்க. மலர் வாடும், சோறு புளிக்கும். போகப் பொருள் தன் இயல்பினாலேயே மண்ணோடு சேரும். இப்பையோ மட்கா இயல்பினது. வெயிலில் பொடியாகுமேயன்றி மண்ணாகாது. அதனிடம் நாம் பெறும் பயனோ சண்முகம் சாலைக் கடையிலிருந்து வீட்டுத் திண்ணை வரையில்தான்!

அரசினர் இதனைத் தடுக்க முயன்ற வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். மைய அரசு முதலில் பையின் தடிமனையே பிடித்துக்கொண்டது. 1999இல் 20 மைக்ரான், 2011இல் 40, 2016இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் இறுதியில் 120 மைக்ரான் என்று வரம்பு உயர்ந்துகொண்டே வந்தது. 120 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. தடித்த பை விலை கூடும், பொறுக்குவோர் எடுத்துச் செல்வர் என்பது கருத்து. தமிழ்நாடு அரசு வேறு வழி சென்றது. 2018 ஜூன் 5ஆம் நாள் சட்டப்பேரவையில் அறிவித்து, 2019 சனவரி முதல் நாள் தொட்டு, எத்தடிமனாயினும் பிளாஸ்டிக் கைப்பை கூடாதெனத் தடுத்தது. தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் தேநீர்க் குவளையும், தெர்மாகோல் தட்டும், தண்ணீர்ப் பொட்டலமும் அடங்கும். துணிபோல் தோன்றும் நெய்யாத பையும் அப்பட்டியலில் உண்டு என்பதைப் பலர் அறியார். அது துணியன்று, பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே. அண்மையில் ஒரு திருமணத்தில் நாம் பெற்ற தாம்பூலப் பையில் கொல்லாமை போற்றும் மொழி ஒன்று அழகுற அச்சிடப்பட்டிருந்தது. பையோ இந்த வகை!

தடையை எதிர்த்து உற்பத்தியாளர் தொடுத்த வழக்குகளை 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும் அவர்தம் வாதங்கள் யாவும் புறந்தள்ளத்தக்கன அல்ல. சிறு தொழிற்கூடங்களில் வேலை செய்தோர் பிழைப்பு இழந்தனர். பெருநிறுவனங்களின் தின்பண்ட உறைகள் கடையில் தொங்கிக்கொண்டிருக்க, பத்து ரூபாய்க்குப் பூ விற்கும் பெண்ணின் கைப்பை மட்டும் பறிமுதலாவது முறையோ என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. அவ்வுறைகளுக்கு அளித்த விலக்கு 2020இல் நீக்கப்பட்ட போதிலும் அவை இன்றும் வந்துகொண்டுதான் உள்ளன. சட்டம் எளியோர் கையை முதலில் பிடிக்கும் என்பது நாம் கண்ட உண்மையே.

சட்டத்தால் மட்டும் இது தீராது என்பதற்கு அண்டை நாடாகிய வங்காளதேசமே சான்று. வெள்ள நீர் வடியாமல் சாக்கடைகளைப் பைகள் அடைத்த கொடுமையைக் கண்டு, உலகில் முதன்முதலாக 2002இல் மெல்லிய பைகளைத் தடைசெய்த நாடு அது. எனினும் 2024இல் அந்நாட்டு அரசு அதே தடையை மீண்டும் தொடக்கத்திலிருந்து செயற்படுத்த வேண்டியதாயிற்று. இடைப்பட்ட 22 ஆண்டுகளும் சந்தையில் பை இருந்தது; கேட்பவர் இருந்ததனால் இருந்தது.

இங்கேதான் நம் சமயம் சட்டத்தினும் நுண்ணிதாக நோக்குகிறது. வினை மூவழியில் வந்து ஒட்டும்: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படல். அனர்த்த தண்டத்தின் ஐந்து வகைகளுள் ஊறு செய்யும் கருவியைப் பிறர்க்குக் கொடுத்தலும் ஒன்று. அது இம்சாதானம் எனப்படும். பை கொடுக்கும் கடைக்காரரை உடனே அதில் சேர்த்துவிடச் சிலர் விரைவர். நாம் அவ்வாறு விரையோம். கொடுக்காவிடில் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என அஞ்சிக் கொடுப்பவர் அவர். “ஒரு கவர் கொடுப்பா” என்று கை நீட்டியவர் செய்வித்தவர் ஆகிறார். அக்கை பெரும்பாலும் நம்முடையதே.

நம் சங்கக் கூட்டம் ஒன்றில் பொறியியல் பயின்ற இளைஞர் ஒருவர் எழுந்து, “டீச்சரம்மா, காகிதப் பை மரத்திலிருந்து வருகிறது, மரம் ஓரறிவுயிர். பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். எத்தனையோ உயிர் மடிகிறது. பிளாஸ்டிக்கோ உயிரற்ற புற்கலம். அப்படியானால் அகிம்சைக்கு எது நெருக்கம்?” என்று வினவினார். கூட்டத்தில் சிலர் நகைத்தனர். வினா நகைக்கத்தக்கதன்று, அதற்கு நேர்மையாக விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

அவர் கூற்றில் பாதி உண்மை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று, புவி வெப்பமாதலை மட்டும் கணக்கிட்டு, ஒருமுறை பயன்படும் மெல்லிய பையினும் காகிதப் பை மேலாக வேண்டுமாயின் 3 முறையும், பருத்திப் பை மேலாக வேண்டுமாயின் 131 முறையும் பயன்படுத்தப்பட வேண்டும் என்று கண்டது. வாரம் ஒருமுறை எடுத்துச் சென்றால் இரண்டரை ஆண்டு! ஆகவே விழாதோறும் ஒரு துணிப்பை பெற்று அலமாரியில் அடுக்கி வைப்பவர் அறம் செய்தவர் ஆகார்; மிகுபொருள் விரும்பாமைக்குப் பழுது தேடிக்கொண்டவரே ஆவார். பருத்தியாயினும் அளவில்லையேல் விரதமில்லை.

மற்றப் பாதிக்கு விடை தத்துவார்த்த சூத்திரத்தில் உள்ளது. கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைப்பதே இம்சை என்று உமாஸ்வாமி ஆசாரியர் இலக்கணம் வகுத்தார். ஆகவே பொருள் சீவனா அசீவனா என்று கேட்பதோடு ஆராய்ச்சி முடிவதில்லை. அது நம் கையை விட்டு எங்ஙனம் நீங்கிற்று, நீங்கியபின் யாரிடம் சென்றது என்பனவும் கேட்கப்படும். கத்தியும் அசீவனே அன்றோ!

யாரிடம் சென்றது என்பதற்கு ஒரு சான்று. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசுவைச் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொணர்ந்தனர். வலி தாங்காது தன் வயிற்றைத் தானே காலால் உதைத்துக்கொண்டிருந்த பசு அது. மருத்துவர்கள் ஐந்து மணி நேரத்திற்கும் மேலாக அறுவை செய்து அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தனர்.

இது எங்ஙனம் நேர்கிறது என்பதை இல்லத்தரசியர் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். பசு பிளாஸ்டிக்கை விரும்பித் தின்பதில்லை. மிஞ்சிய சோற்றையும், காய்த்தோலையும், உப்பிட்ட குழம்பையும் நாம் பையிலிட்டு முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் எறிகிறோம். மணம் அதனை ஈர்க்கிறது, முடிச்சை அவிழ்க்க அதற்குக் கை இல்லை, பையோடு விழுங்குகிறது. அதன் வயிற்றின் நான்கு அறைகளுள் முதலாவதும் பெரியதுமான அறையில் பை தங்கிவிடும். அசைபோட மேலே வருவதுமில்லை, செரித்துக் கீழே செல்வதுமில்லை. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறுபோல் இறுகும். வயிறு நிறைந்த உணர்வு தோன்றுவதால் தீனி குறையும், பால் குறையும், வயிறு புடைத்திருக்க உடல் மெலியும். புறத்தே பார்ப்பவர்க்குப் பசு நன்கு உண்டதுபோலவே தோன்றும்.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைச் சமந்தபத்திரர் எண்ணுகிறார்: உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், வருத்துதல், அளவுமீறிச் சுமையேற்றுதல், உணவை மறித்தல். நம் முன்னோர் உணவை மறித்தல் என்பதற்குத் தொழுவில் கட்டிய மாட்டிற்குத் தீனியிடாமையை உதாரணம் காட்டினர். இன்று தீனி கண்முன் கிடக்க, உள்ளே இடமில்லாதபடி மறித்துவிடுகிறோம். அப்பசு ஐம்பொறியும் மனமும் உடைய உயிர். இறைச்சியைக் கண்டால் முகம் திருப்பும் இல்லத்திலிருந்தும் அம்முடிச்சு எறியப்படலாம் என்பதை எண்ணும்போது, நம் சைவ உணவைப் பற்றிய பெருமிதம் சற்று அடங்குகிறது.

முனிவர்க்கு வகுத்த ஐந்து சமிதிகளுள் உத்சர்க்க சமிதி என்பது, தம் உடற்கழிவையும் உயிரற்ற இடம் பார்த்து, மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கி, அதன்பின் விடும் ஒழுக்கம். கொள்வதற்கு விதி கூறாத சமயம் இல்லை. கழிப்பதற்கு இத்துணை விதி கூறியது நம் சமயம். இல்லறத்திலும் இதன் சாயல் இருந்தது. கிணற்று நீரை இருமடித் துணியால் வடிகட்டிய பாட்டிமார், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை மண்ணில் உதறிவிடாமல், வடித்த நீரால் அலசி அதே கிணற்றில் விட்டனர். கரும்பலகையைத் துடைக்காமல் வகுப்பை விட்டு வெளியேறும் ஆசிரியை பாடத்தை முடித்தவராகார் என்று பயிற்சிப் பள்ளியில் நம் மாணவியர்க்குக் கூறி வந்தோம். அது இதன் எளிய வடிவமே.

நம் பகுதியின் நிலையையும் பார்ப்போம். அடையாறு ஆதனூர்ப் பக்கம் தோன்றி, முடிச்சூர், அனகாபுத்தூர் வழியே சென்று கடல் சேர்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. அப்பெருவெள்ளத்திற்குப் பைகளே காரணம் என்பார் கூற்று மிகையாகும். ஏரிகளையும் கால்வாய்களையும் மேடாக்கி வீடு கட்டியதே பெருங்காரணம். எனினும் சிறுமழைக்கே தெருவில் முழங்கால் நீர் நிற்பதற்கு மழைநீர் வடிகாலின் வாயைத் திறந்து பார்த்தவர் காரணம் அறிவர். பல்லாவரம் பெரிய ஏரியிலும் சிட்லபாக்கம் ஏரிக்கரையிலும் பல்லாண்டு குப்பை கொட்டப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. நாரையும் கூழைக்கடாவும் வந்து தங்கும் அந்நிலத்தில்தான் பெருங்குடிக் குப்பை மேடும் எழுந்தது. நீரிலும் சேற்றிலும் வாழும் ஈரறிவு, மூவறிவு உயிர்களை அங்கே எண்ணியவர் யார்?

2021 டிசம்பர் 23இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் கலைவாணர் அரங்கில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு காலத்தில் பட்டிக்காட்டாரை எள்ளுவதற்கு வழங்கிய சொல் அரசின் இயக்கப் பெயராயிற்று, நல்ல மாற்றம். திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடித் தாம்பரம் வந்த நம் குடும்பங்கள் பலவும் அம்மஞ்சள் பையோடு இரயிலிலிருந்து இறங்கியவையே.

இனிச் செயல். போகோபபோக பரிமாணத்தைக் காலவரையறையோடு ஏற்பது நியமம். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். யமம் ஏற்க எவரையும் நாம் வற்புறுத்தோம். சாதுர்மாஸ்யம் தொடங்கும் ஆடிப் பௌர்ணமி முதல் மகாவீரர் நிர்வாண நாளாகிய தீபாவளி வரை ஒரு நியமம் ஏற்கலாம். கடையில் பை கேட்பதில்லை; உணவுக் கழிவைப் பையில் முடிவதில்லை; வீட்டில் 5 துணிப்பைகளுக்கு மேல் வைப்பதில்லை. மருந்து, பால் உறைகள், நோயுற்ற முதியோர்க்கான பொருள்கள் இதில் சேரா. ஆற்றலுக்கு மேற்பட்ட விரதம் நிலைக்காது. ஆலயப் பூசைக்குப்பின் பிரசாதம் பெற வருவோர் வீட்டிலிருந்து ஒரு டப்பா கொணர வேண்டும் என்று கூறியபோது, விருந்தினர் முகம் சுளிப்பர் என்று நிர்வாகக் குழுவில் சிலர் தயங்குகின்றனர். அவர்தம் தயக்கம் நீங்க, முதலில் டப்பாவோடு சென்று வரிசையில் நிற்க வேண்டியவர் நம் பெண்மணிகளே.

எங்கள் தெருவில் நான்கு குடும்பத்தினர் சென்ற சாதுர்மாஸ்யத்தில் இந்நியமம் ஏற்றனர். அலமாரிகளிலிருந்து 62 துணிப்பைகள் வெளிவந்தன. வீட்டிற்கு ஐந்தாக 20 போக, எஞ்சிய 42ஐ இரயில் நிலையம் அருகே பூ விற்கும் அம்மையாரிடம் ஒப்படைத்தோம். பை மறந்து வருவோர்க்கு அவர் அவற்றை இரவலாகத் தருகிறார். இதுவரை சரிபாதி திரும்பி வந்துள்ளன. எஞ்சியவை யார் யார் வீட்டில் இருக்கின்றன என்பதும் அவருக்கு நினைவிருக்கிறதாம்.