இரண்டு சாண் குறைந்தால் என்ன?

வேளாண்மை குடலையாகிக் கதிர் தள்ளும் காலத்தில் வாழைச்சேனைக்கு அப்பால் கிரான், வடமுனைப் பக்கத்து வட்டைகளில் எவருக்கும் நித்திரையில்லை. யானைக்கு வெடி கொளுத்துவர். பன்றிக்குத் துவக்கு வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்று, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து, இரட்டைக்குழல் சொட்கன் ஒன்றை வைத்திருப்பவரிடம் நாம் குறை காண்பதற்கில்லை.

ஆனால் அதே துவக்கின் குழலை இரும்பறுக்கும் வாளால் பாதியாக்கிக் கொண்டால்? "துவக்கு அதே துவக்குத்தானே, இரண்டு சாண் குறைந்தால் என்ன பாவம்?" என்று கேட்பார் உளர். சிறுபிள்ளைத்தனமான கேள்வியன்று.

பிறநாட்டுச் சட்டங்கள் இந்த இரண்டு சாணைக் கண்டிப்பாக அளக்கின்றன. இங்கிலாந்தில் சொட்கன் குழலை 24 அங்குலத்துக்குக் குறைவாக வெட்டுவது 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குழலைக் குறுக்குவதற்கே தனி அனுமதி கேட்கிறது. அமெரிக்காவோ 1934இல் 18 அங்குலத்திலும் குட்டையானவற்றைப் பதிவுக்குள் கொண்டுவந்து, 200 டொலர் வரியும் விதித்தது. வேடிக்கை என்னவெனில், கைத்துப்பாக்கியையும் அடக்கக் கருதித் தொடங்கிய அச்சட்டத்திலிருந்து கைத்துப்பாக்கி கழன்றுகொண்டது. குட்டைக் குழல் மாட்டிக்கொண்டது. அங்குலக்கோல் எப்போதும் நியாயக்கோல் ஆகிவிடாது. ஆகவே கோலை வைத்துவிட்டுத் துவக்கையே பார்ப்போம்.

சன்னங்கள் கலையாமல் தூரம் செல்லும்பொருட்டுப் பெரும்பாலான சொட்கன் குழல்களின் நுனி சற்றே ஒடுங்கியிருக்கும். வெட்டினால் முதலிற் போவது அந்த ஒடுக்கமே. சன்னங்கள் விரைவில் விரியும், குறியும் தவறும். வரம்புக்கு அப்பால் நிற்கும் பன்றிக்கு அது உதவாது. சாரத்துக்குள்ளும் உரச்சாக்குக்குள்ளும் மறைவதொன்றே அதன் புதிய பயன். நெடுந்துவக்கைத் தோளிற் சாய்த்து வரம்பிற் போகிறவரை ஊரே காணும். "எங்க அண்ணே, பன்றிக்கா?" என்று எதிரே வருபவர் கேட்கலாம், விலகியும் போகலாம். குழலைக் குறுக்கியவரோ அக்கேள்வியைத் தம்மிடம் எவரும் கேட்கலாகாது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். பன்றியிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒளிப்பது அயலவனிடம். விசையை அழுத்தும் நாளிலன்று, வாளை எடுத்த நாளிலேயே மனச்சாட்சிக்கு வேலை வந்துவிட்டது.

"கள்வருக்காக வைத்திருக்கிறேன்" என்பார் சிலர். இரவில் கன்னமிடும் கள்வன் அடிபட்டு இறந்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை, பொழுது விடிந்தபின் என்றால் உண்டு என வேறுபடுத்துகிறது யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். தற்காப்பில் தேவையை மீறிய பலாத்காரமே குற்றம் என்கிறார் புனித தோமாஸ் அக்குவினாஸ். தற்காப்பை நாமும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து வீட்டைக் காப்பவருக்கு மறைப்பு எதற்கு? நெடுந்துவக்கே போதுமே. மறைப்பு வேண்டுவது வெளியே கொண்டுபோகிறவருக்கு.

போர் 2009இல் முடிந்தும் கூரைச் செருகலிலும் கோழிக்கூட்டின் அடியிலும் இத்தகையவை கிடக்கக்கூடும். கண்டும் பேசாதிருக்கும் தாய்மாரே, உங்கள் சங்கடம் எமக்குப் புரிகிறது. 2020 பெப்ரவரியில் ஒரு வாரம் பொதுமன்னிப்பு அறிவித்து, அனுமதியற்ற துவக்குகளை ஒப்படைக்க அரசு வழிவிட்டது. அப்படியான காலம் இல்லாதபோது பொலிசுக்குத் தனியே போக அஞ்சுவீர்கள், வீணான அச்சமன்று. முதலில் ஒரு சட்டத்தரணியைக் காணுங்கள், அவரோடு போங்கள். மகன் சில நாட்கள் முகங்கொடுத்துப் பேசமாட்டான்.