நஷ்டத்தின் அளவுகோல்

ஒரு ஜில்லாவுக்கு நேரக்கூடிய இயற்கை அபாயங்களை முன்கூட்டி மதிப்பிடுவது கணித சாஸ்திரம் பயின்றோர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று எண்ணுவோர் பலர். ஆனால் எதை நஷ்டம் என்று கொள்வது, யாருடைய நஷ்டத்தை முதலில் எழுதுவது என்று யோசிக்கும்போதே அது தர்ம விசாரணையாகிவிடுகிறது.

திண்டிவனம்–புதுச்சேரிச் சாலைக்குச் சற்று விலகிய செம்மண் பிரதேசத்தில் உள்ள இரும்பையில், ஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. மழை பொய்த்து நாடு வாடியபோது, கடுவெளிச் சித்தரின் தவமே வறட்சிக்குக் காரணம் என்று முடிவுகட்டிய மன்னன், ஒரு நடனமாதை ஏவி அத்தவத்தைக் கலைத்தான் என்றும், பின்னர் ஊரார் எள்ளி நகைக்கச் சித்தர் மனம் நொந்து பாட, லிங்கம் மூன்றாகப் பிளந்தது என்றும் சொல்வார்கள். செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்ட லிங்கத்துக்கே இன்றும் பூஜை நடக்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஆபத்து வந்தபின் காரணம் தேடப் புறப்பட்டு, எதிர்த்துப் பேசாத ஒருவர் தலையில் அதைச் சுமத்திய மன்னனின் செய்கை எந்தக் காலத்துக்கும் புதிதன்று.

பேரிடர் வருமுன் காரணம் அறிய வேண்டும் என்பதற்காகத்தான் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையத்தை ஏற்படுத்தி, எளிதில் பாதிக்கப்படும் இடங்களைக் குறித்துத் திட்டம் வகுக்கச் சொன்னது. திட்டம் மாவட்ட எல்லையோடு நின்றுவிடும், வெள்ளம் நிற்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது; அதற்கு மறுநாள் நள்ளிரவு கடந்தபின் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் தென்பெண்ணையில் விடப்பட, விழுப்புரம் மாவட்டத்து அரசூரும் இருவேல்பட்டும் மூழ்கின. அணை உடையாமல் காப்பது அவசியந்தான். ஆயினும் அந்த அவசியத்தின் பாரம் யார் மீது இறங்கும் என்பதை மேட்டிலிருப்பவரும் பள்ளத்திலிருப்பவரும் ஒன்றாக அமர்ந்து முன்னதாகவே பேசியிருக்க வேண்டும்.

அந்தப் புயலுக்குப் பின் அறிவிக்கப்பட்ட நிவாரணத்தில், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், இறந்த பசுவுக்கோ எருமைக்கோ 37,500, ஆட்டுக்கு 4,000. சந்தை விலையை அளவுகோலாகக் கொண்டால் இதில் பிழையில்லை. கறவை மாட்டை மீண்டும் வாங்கப் பணம் வேண்டும், கீற்றும் மூங்கிலும் மலிவு. ஆனால் அக்குடிசைக்குள் நனைந்துபோன அரிசியும், பிள்ளையின் பாடப் புத்தகமும், அடமானச் சீட்டும் எந்தப் பட்டியலில் வரும்? கூலிக்குப் போகும் குடும்பம் இழந்த வேலை நாட்களுக்கு அப்பட்டியலில் தனி இனம் கிடையாது. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்ற பொது உதவியோடு சரி. குத்தகைக்குப் பயிரிட்டவன் பாடு இன்னும் மோசம், ஏனெனில் பட்டாவும் சிட்டாவும் வேறொருவர் பெயரில் இருக்கின்றன.

ரூபாயில் கணக்கிடாவிட்டால் எதைக் கொண்டு ஒப்பிடுவது என்று அதிகாரிகள் கேட்பது நியாயமே. எனினும் அதே அளவுகோலை முன்மதிப்பீட்டிலும் வைத்தால், மாடி வீடுகள் நிறைந்த நகர் பேரபாயப் பகுதியாகவும், ஓடைக்கரைக் குடிசைகள் அற்ப சேதப் பகுதியாகவும் பதிவாகி, கரை பலப்படுத்தும் பணம் முந்தியதற்கே போய்ச் சேரும். இழக்க அதிகம் வைத்திருப்பவனே அதிகம் இழப்பவன் என்னும் இந்தக் கணக்கு தர்மத்துக்கு ஒவ்வாதது.

மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்று சட்டமே விதித்திருக்கிறது. அடுத்த திருத்தத்தில் சேத மதிப்பு என்ற பத்திக்கு முன்னால், பாதிக்கப்படும் குடும்பம் பழைய நிலைக்கு மீள எத்தனை காலம் பிடிக்கும் என்றொரு பத்தியையும் ஆட்சியர்கள் சேர்க்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் அதை முடிக்கட்டும்.