பிரம்பும் பரிவும்

சைவநன்மக்களாகிய உபாத்தியாயர்காள்!

பிள்ளைகளுக்குப் போதிக்கத்தக்க அறங்களுள் முதன்மையானது பிறவுயிர்களிடத்து இரக்கம். சிவபெருமான் உயிர்தோறும் உள்நின்றருளுகின்றார் என்பது நம் சமயத்தின் துணிபு. ஆதலால், ஓருயிரை வருத்துவோன் அவ்வுயிரினுள் நிற்கும் இறைவனையே அவமதிப்பவனாவான். இதனை நாம் வகுப்பிலே நாடோறும் சொல்லுகின்றோம்; பிள்ளைகளும் பிழையின்றி ஒப்புவிக்கின்றார்கள். ஒப்புவித்தவளவில் இரக்கம் உண்டாகுமோ?

பெரியபுராணத்திலே சண்டேசுர நாயனாரின் இளமையை நோக்குக. திருச்சேய்ஞலூரிலே விசாரசருமர் என்னும் பெயரோடு வேதமோதிய சிறுபிராயத்தில், தன்னை முட்டிய பசுவை இடையனொருவன் கோலால் அடிக்க அவர் கண்டார். அவனைத் தடுத்துப் பசுவின் பெருமையை எடுத்துரைத்ததோடு அமைந்தாரல்லர். இனி அந்நிரையைத் தாமே மேய்ப்பதாக ஏற்றுக்கொண்டார். கோலும் கயிறும் கொண்டு சென்ற அவரிடத்துப் பசுக்கள் அச்சமின்றி அணைந்து, தாமே பால் சொரிந்தன. சொல்லாய் நில்லாது செயலாய் முதிர்ந்ததே அப்பிள்ளையின் பரிவு.

இனி நம் ஊரை நோக்குவோம். 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் பட்ட பாட்டினை மூத்தோர் மறந்திலர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. நம் மக்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் அகதிகளாய்த் தங்கினர். அன்று தடியும் தீயும் ஏந்தி வந்தோரும் ஒருகாலத்திலே பள்ளிப்பிள்ளைகளே. அயல்வீட்டுத் தமிழரைத் தம் வீட்டினுள் மறைத்துக் காத்த சிங்கள மக்களும் பள்ளிப்பிள்ளைகளே. இருசாராரும் நீதிபாடங்களைக் கேட்டே வளர்ந்திருப்பர். வேறுபாடு எங்கே பிறந்தது? பெரியோர் எளியோரை நடாத்தும் விதத்தை இளமையிலே கண்டவாற்றாற் பெரிதும் பிறந்ததென்று நாம் கருதுகின்றோம்.

ஆதலின், முதற்கண் நம் கையை நாமே சோதித்தல் வேண்டும். பள்ளிக்கூடங்களில் உடற்றண்டனை கூடாதென்று கல்வியமைச்சு 2005 ஆம் ஆண்டிலே சுற்றறிக்கை விடுத்தது. ஆயினும் பிரம்பு முற்றாக நீங்கிற்றில்லை. நாமும் குற்றமுடையோம். ஒருமுறை, உயிர்க்கிரங்குதல் என்னும் பாடம் நடக்கையிலே, பிந்தி வந்த சிறுவனொருவனைக் காரணம் வினவாது அடித்தோம். நோயுற்ற தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான் என்பது பின்னரே தெரிந்தது. அன்று அவ்வகுப்பிலே இரக்கத்தை அறிந்திருந்தவன் அவனே, நாம் அறிந்திலேம். மற்றைப் பிள்ளைகள் கற்றது நம் வாய்ச்சொல்லையன்று, கைச்செயலையே.

செய்யத்தக்கன சில கூறுவாம். அடித்தலையும், இழிபெயரிட்டழைத்தலையும் ஒழிக்க. தவறு செய்த பிள்ளையைத் தனியே அழைத்துக் காரணம் வினவுக. புதிதாய் வந்த பிள்ளைக்கும், திக்கிப் பேசும் பிள்ளைக்கும், வறிய பிள்ளைக்கும் வகுப்பிலே ஒரு துணையை நியமிக்க. பிறமொழியாரையும் பிறசமயத்தாரையும் இகழுஞ் சொல் எழுமாயின், அன்றே திருத்துக. கோயிலும் தேவாலயமும் விகாரையும் பள்ளிவாசலும் அயலயலாய் நிற்கும் கொட்டாஞ்சேனையிலே, அன்பைப் பயிலுதற்கு வேறிடம் தேட வேண்டுவதில்லை.

அடிபட்ட பசுவுக்கு இரங்கிய அப்பிள்ளையின் பரிவு நம் கைகளிலும் தங்குமாறு சிவபெருமான் திருவருள் புரிக.

திருச்சிற்றம்பலம்.